பாறை போட்ட வழியில் தண்ணீர்: சுண்ணாம்புக்கல் குகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் பெலும் குகைக்குப் போய்வந்த நண்பர்கள் திரும்பியதும் கேட்கும் கேள்விகள்தாம் இந்தப் பக்கத்தின் தொடக்கம். பத்துமலைக்குப் போனவர்களும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பார்த்து வியந்தவர்களும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் சுற்றிச்சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: குகை ஏன் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் இருக்கிறது?

பாறை எப்படித் தண்ணீரில் கரையும்?

வீட்டுச் சமையலறையில் கடப்பா கல் பதித்திருந்தால் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால், மறுநாள் அந்த இடத்தில் பளபளப்பு போய் வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது கறையில்லை, கல்லின் மேல்தோல் கரைந்த தடம். கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக்கல். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரையும்.

இயற்கையில் எலுமிச்சைக்குப் பதில் மழைநீர். மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிட 10 மடங்கு, சில இடங்களில் 100 மடங்கு கூட இருக்கும். அதைக் கரைத்துக்கொண்ட நீர் கார்பானிக் அமிலமாகிறது. சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான். வலுவில்லாத அமிலம். மழை மிகுந்த சுண்ணாம்புக்கல் நாடுகளில்கூட ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் பாறையைத்தான் அது கரைக்கும்.

கரைக்கிறது தண்ணீர். அப்புறம் பாறையின் அமைப்புக்கு என்ன வேலை?

வேலை முழுக்க அதற்குத்தான் என்று சொல்வேன். கரைக்கும் திறன் தண்ணீருடையது. எங்கே கரைப்பது என்பதைப் பாறை முன்பே முடிவு செய்துவிட்டது.

நன்றாக இறுகிய சுண்ணாம்புக்கல்லின் உடம்புக்குள் தண்ணீர் எளிதில் புகாது. ஒரு கடப்பா பலகைமேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் வழிந்தோடுமே தவிர உள்ளே இறங்காது. அப்படிப்பட்ட பாறைக்குள் தண்ணீர் நுழைய வழிகள் மூன்று. முதலாவது, அடுக்குத்தளம். கடலடியில் சுண்ணாம்புச் சேறு படிந்தபோது இடையிடையே படிவு நின்றது, மெல்லிய களிமண் படலம் விழுந்தது, மறுபடி படிந்தது. அந்த இடைவெளிகள் பாறைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டையான இணைப்புகளாக நிற்கின்றன. கல்லுடைப்பவர் உளியை வைத்துத் தட்டினால் கடப்பா கல் பலகை பலகையாகப் பெயர்ந்து வருவது இதனால்தான். இரண்டாவது, வெடிப்பு. பூமியின் மேலோடு அழுத்தப்பட்டும் இழுபட்டும் வந்ததில் அடுக்குகளுக்குச் செங்குத்தாக, பெரும்பாலும் ஒரே திசையில் வரிசையாக ஓடும் கீறல்கள். மூன்றாவது, பிளவு: இரு பக்கமும் பாறை நகர்ந்துபோன பெரிய முறிவு.

இந்த மூன்றும் எப்படி அமைந்திருக்கின்றன, எவ்வளவு நெருக்கமாக, எந்தப் பக்கம் சாய்ந்து இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் குகையின் உருவம்.

பாறையில் ஆயிரம் வெடிப்புகள் இருக்கும். அதில் ஒன்றிரண்டு மட்டும் ஏன் குகையாகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீர் நிறைந்த வயலின் வரப்பில் நண்டு வளை வைத்தால் என்ன நடக்கும் என்று விவசாயியைக் கேளுங்கள். வரப்பு முழுக்கத்தான் நீர் கசிகிறது. ஆனால் அந்த ஒரு வளையில் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. கூடுதலாகப் போவதால் மண் அரிக்கிறது, வளை பெரிதாகிறது, இன்னும் அதிக நீர் போகிறது. விடிவதற்குள் அந்த இடத்தில் உடைப்பு. மற்ற கசிவுகள் நின்றுபோயிருக்கும், ஏனென்றால் தண்ணீர் எல்லாம் உடைப்பின் பக்கம் திரும்பிவிட்டது.

சுண்ணாம்புக்கல்லிலும் இதுவே நடக்கிறது, பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு. இடுக்கில் ஓடும் நீருக்கு ஒரு கணக்கு உண்டு: இடுக்கின் அகலம் இரண்டு மடங்கானால் நீரோட்டம் எட்டு மடங்காகும், பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. ஆகவே தொடக்கத்தில் மயிரிழை அளவு கூடுதல் அகலமாக இருந்த வெடிப்பு, பக்கத்து வெடிப்பைவிட எத்தனையோ மடங்கு நீரை இழுக்கிறது. அது நீர் வெளியேறும் ஊற்றுவாய் வரைக்கும் முதலில் திறந்துகொண்டால் போட்டி அதோடு முடிந்தது. அதன்பின் சுவர்கள் வேகமாக அகலும். ஆளும் நுழைய முடியாத இடுக்கு ஆள் நடக்கும் சுரங்கமாவது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லா அடுக்குத்தளங்களும் சமமானவை அல்ல. நூறு அடுக்கில் ஏதோ சிலவற்றில்தான் குகை தொடங்குகிறது. அந்தச் சிலவற்றில் மெல்லிய களிப்பாறையோ, இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட்டோ, வேறு ஏதாவது வேதி வேற்றுமையோ இருக்கும். பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் லோ 1992-இல் இதை முறையாக எடுத்துச்சொன்னார். குகை தேடிப் போகிறவர்களுக்கு இது நடைமுறை உதவி: ஒரு வட்டாரத்தில் எந்த அடுக்கில் குகை பிறக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த குகையை எந்த உயரத்தில் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

அமிலம் பாறைக்குள் நுழைந்ததுமே தீர்ந்துபோகாதா? கிலோமீட்டர் கணக்கில் எப்படி உள்ளே போகிறது?

நியாயமான சந்தேகம். கரையும் வேகம் ஒரே சீராக இருந்தால், நீர் சில மீட்டருக்குள் சுண்ணாம்பால் நிறைந்துவிடும். உள்ளே குகை உண்டாகவே உண்டாகாது. ஆனால் நீர் நிறைவுநிலையை நெருங்கும்போது கரைக்கும் வேகம் சடாரென விழுகிறது. முக்கால் வயிறு நிறைந்தவன் மீதிச் சோற்றை மெதுவாகக் கொறிப்பதுபோல், கடைசித் துளி அமிலத்தைத் தண்ணீர் மிகமிக மெதுவாகச் செலவழிக்கிறது. அந்த மிச்சத்தோடுதான் பாறையின் ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இதையெல்லாம் பெலும் குகையில் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். 3,229 மீட்டர் அளக்கப்பட்ட குகை அது. பல்லாவரத்தில் 1863-இல் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884-இல் பெலும் பற்றிக் குறித்துவைத்தார். 1982, 83-இல் ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மன் குழு உள்ளே இறங்கி வரைபடம் எடுத்தது. 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

இறங்கும்போதே கவனியுங்கள். மேலே சமதரை வயல். தரையில் கிணறுபோல் வாய் திறந்த குழி. அதன் சுவரில் பாறை அடுக்கடுக்காக, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, புத்தகத் தாள்களைப்போல் தெரியும். உள்ளே போனதும் சுவரில் கைவைத்துப் பாருங்கள்: ஓர் அடுக்கு விரலை உள்ளே இழுக்கும், அடுத்தது வெளியே துருத்தும். எளிதில் கரையும் அடுக்கு பின்வாங்கிவிட்டது, கரையாதது நிற்கிறது. அப்புறம் கூரையைப் பாருங்கள். பல இடங்களில் பாதையின் நடுவாகவே மேலே ஒரு கீறல் ஓடும். அதுதான் அந்தப் பாதையைப் பெற்ற வெடிப்பு. பாதை நேராகப் போய் வெடுக்கென்று திரும்பினால், அங்கே ஒரு வெடிப்பு இன்னொன்றைச் சந்தித்திருக்கிறது என்று பொருள்.

பாதையின் குறுக்குவெட்டும் பேசும். தட்டையாக, அகலமாக, குனிந்து போகவேண்டிய பாதை என்றால் அடுக்குத்தளத்தில் பிறந்தது. ஒடுக்கமாக, உயரமாக, தோளைத் திருப்பிப் போகவேண்டியது என்றால் வெடிப்பில் பிறந்தது. மேலே உருண்டை, கீழே நீண்ட ஒடுக்கம் என்று பழைய பூட்டின் சாவித்துளைபோல இருந்தால் அதற்கு இரண்டு வாழ்க்கை: முதலில் நீர் முழுதும் நிரம்பி நாலாபுறமும் கரைத்தது, பிறகு நிலத்தடி நீர்மட்டம் இறங்க, ஓடையாகித் தரையை மட்டும் அறுத்தது.

உள்ளே புழுக்கம் அதிகம். மின்விசிறியும் காற்றுக்குழாயும் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் சட்டை நனைந்துவிடும். 46 மீட்டர் ஆழத்தில் பாதாளகங்கை. வற்றாத சிறு ஓடை, பாறைக்குள்ளிருந்து வந்து பாறைக்குள்ளேயே மறைகிறது. அந்தப் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. சிப்பிகள் உலகில் தோன்றும் முன்பே படிந்த சுண்ணாம்பு.

அடுக்குகள் கிடைமட்டமாக இல்லாமல் சாய்ந்திருந்தால்?

நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் நீர், ஓட்டுக்கூரையில் வழிவதுபோலச் சாய்வின் போக்கிலேயே இறங்கும். நீர்மட்டத்தைத் தொட்டதும் அதற்குமேல் இறங்க இடமில்லை. சாய்வுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தில் பக்கவாட்டில் ஊற்றை நோக்கி நகரும். இரண்டும் சேர்ந்தால் மரத்தின் கிளைகள்போல ஒரு அமைப்பு கிடைக்கும்.

அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மம்மத் குகை இதற்கு நல்ல சான்று. 680 கிலோமீட்டருக்கும் மேல் வரைபடமாக்கப்பட்டிருக்கிறது. உலகிலேயே நீளமான குகை. அங்கே அடுக்குகள் மிக மெல்லிய சாய்வில் கிடக்கின்றன, நடப்பவர் உணரமாட்டார். அந்தச் சாய்வே நீருக்குப் போதும். பக்கத்து கிரீன் ஆறு தன் பள்ளத்தை ஆழப்படுத்தும்போதெல்லாம் குகையும் ஒரு மாடி கீழே இறங்கியது. பழைய மாடிகள் வறண்டு மேலே நின்றன.

அதன் நீளத்துக்கு இன்னொரு காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. முகடுகளின்மேல் கரையாத மணற்கல் மூடியாகக் கிடக்கிறது. குடைபிடித்ததுபோல அது மழையைத் தடுத்ததால் கீழுள்ள பழைய சுரங்கங்கள் இடியாமல் பிழைத்தன. மணற்கல் முடியும் ஓரத்தில் மட்டும் நீர் சரசரவென இறங்கிச் செங்குத்துக் கிணறுகளைக் குடைந்திருக்கிறது. குகையின் உள்ளே அப்படி ஒரு கிணற்றைக் கண்டால் மேலே மூடி அங்கே முடிகிறது என்று ஊகிக்கலாம்.

பிளவு இருக்கும் இடத்தில் குகை கட்டாயம் இருக்குமா?

இல்லை. பிளவு சில சமயம் வாய்க்கால், சில சமயம் மதகு. பாறை நொறுங்கித் திறந்திருந்தால் நீர் பாயும். நகர்வில் பாறை களிபோல அரைபட்டிருந்தால் அதுவே நீரைத் தடுக்கும் சுவர்.

ஸ்லோவேனியாவின் செர்க்னிட்சா ஏரி இதில் ஓர் அற்புதம். இத்ரியா பிளவை ஒட்டி அமைந்த தட்டையான பள்ளத்தாக்கு அது. மழைக்காலத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கும் மேல் ஏரி. வறண்ட காலத்தில் தரையிலுள்ள துளைகள் வழியே நீர் முழுதும் இறங்கிவிட, மீன்பிடித்த அதே இடத்தில் புல் அறுக்கிறார்கள். அந்த ஏரி எப்படி நிரம்பி வற்றுகிறது என்று ஆராய்ந்து எழுதியதற்காகவே வால்வசோர் என்ற அறிஞர் 1687-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

கண்ணுக்குத் தெரியாமல் புதைந்த கட்டமைப்பும் நிலத்தில் ஒப்பமிடும். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் ஆயிரக்கணக்கான நீர்க்குழிகள். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அவற்றில் ஒரு வரிசை வட்டத்தின் வில்லாக வளைகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த சிக்சுலூப் பெரும்பள்ளத்தின் விளிம்பு அதற்கு நேர்கீழே புதைந்திருக்கிறது. மேலே பிறகு படிந்த சுண்ணாம்புக்கல்லில்கூட அந்தக் காயத்தின் வடு நீரை இழுத்திருக்கிறது. இதை முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கார்ஸ்ட் என்றால் என்ன?

ஸ்லோவேனியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலான கிராஸ் என்ற பீடபூமியின் ஜெர்மன் பெயர். 1893-இல் செர்பிய அறிஞர் யோவான் ட்ஸ்வியிச் எழுதிய ஆய்வுக்குப் பின், கரையும் பாறையால் உருவான எல்லா நிலத்துக்கும் இதுவே பொதுப்பெயராகிவிட்டது. மேலே ஆறு இருக்காது, அல்லது ஓடிவந்து மறையும். ரேகா ஆறு ஷ்கோத்சியானில் பூமிக்குள் நுழைந்து, 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இத்தாலியக் கடலோரத்தில் திமாவோ என்ற பெயரில் வெளிவருகிறது.

நிலத்தின் மேற்பரப்பிலும் பாறையின் கீறல்கள் அப்படியே தெரியும் இடம் வேண்டுமானால் இங்கிலாந்தின் யார்க்ஷயர். மாலம் பகுதியில் பனியாறு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டதால் வெறும் சுண்ணாம்புக்கல் தளம், கல் பாவிய கோயில் பிரகாரம்போலக் கிடக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கால் நுழையும் இடுக்குகள். அவை ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பு. அதே மாவட்டத்தின் இங்கிள்பரோ மலையில், களிப்பாறையும் கரிமண்ணும் மூடிய சரிவில் கூடும் ஓடை, சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட சிறிது தூரத்திலேயே கேப்பிங் கில் என்ற குழிக்குள் ஏறத்தாழ 100 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. 1895-இல் பிரெஞ்சுக்காரர் எத்வார் அல்ஃப்ரெட் மார்தெல் கயிற்றேணியில் இறங்கி அதன் அடியை முதலில் கண்டார்.

பத்துமலை ஏன் அப்படிச் செங்குத்தாக நிற்கிறது?

272 படி ஏறும்போது பெரும்பாலோர் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் பாறையையும் பாருங்கள். ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புக்கல் அது. பிற்காலத்தில் அருகே எழுந்த கிரானைட்டின் வெப்பத்தால் மீண்டும் படிகமாகிக் கிட்டத்தட்டப் பளிங்காகிவிட்டது. இறுகிய பாறை, இடைவெளி விட்ட வெடிப்புகள். நீர் வெடிப்பு வழியே மட்டும் அறுத்ததால் நடுவே நிற்கும் பாறைக்கட்டிகள் சரியாமல் சுவராக நிற்கின்றன. தென்சீனத்தின் குய்லின் கோபுரமலைகளுக்கும் இதே தன்மையான கெட்டிப்பாறைதான் ஆதாரம். மேல்குகையில் கூரை திறந்து வெயில் விழும் இடத்தில், உள்ளிருந்து உதிர்ந்துகொண்டே போன கூரை ஒருநாள் வானத்தைத் தொட்டிருக்கிறது.

மலை வெறும் மிச்சம். கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்குக் கீழே அதே சுண்ணாம்புக்கல் ஊசியூசியாகக் கரைந்து மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. பெட்ரோனாஸ் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடம் அந்தப் பாறையின் விளிம்பில் பாதி ஏறி நின்றதால், கட்டடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிப் போட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லையே, தண்ணீர் எப்படி?

குடாநாடு மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல்மீது அமர்ந்திருக்கிறது. அடுக்குகள் தட்டை, வெடிப்புகள் ஏராளம். மழை அப்படியே கீழே இறங்கிவிடுவதால் மேலே வற்றாத ஆறு இல்லை. மாரியில் ஓடும் வழுக்கையாறு போன்றவைதான். கீழே இறங்கிய நன்னீர், எடை கூடிய கடல்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழே 40 மீட்டர் உவராகும் என்றும் அதையே படிக்கவேண்டும். இராமர் அம்பெய்து உண்டாக்கியதாகச் சொல்லும் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த ஏற்பாட்டின் காட்சி. கீரிமலையில் கடலருகே ஊறும் நன்னீர், பாறை வழிகளின் வாய்.

தோட்டங்களில் போடும் உரம் கிணறுகளில் நைத்திரேற்றாகத் தலைகாட்டுவதும் இதே காரணத்தால்தான். மணலில் நீர் வடிகட்டப்பட்டு இறங்கும். வெடிப்பில் வடிகட்ட ஒன்றுமில்லை. மேலே கொட்டியது அப்படியே கிணற்றுக்கு வரும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் பள்ளம் கண்ட இடத்தில் குப்பை கொட்டாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் ஏன் பெரிய சுண்ணாம்புக் குகைகள் இல்லை?

மாநிலத்தின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட், கிரானைட் என்ற கெட்டிப்பாறைகள். இவை அமில மழைநீருக்கு அசைந்துகொடுக்காது. சித்தன்னவாசல் குடைவரைக் கோயில் போன்றவை மனிதர் குடைந்தவை. மதுக்கரை, சங்ககிரி, தாழையூத்து பகுதிகளின் சுண்ணாம்புக்கல் கெட்டிப்பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய பட்டைகளாக வருகிறது. நீர் கூடி நெடுந்தூரம் ஓட அங்கே இடமில்லை. அரியலூரில் அடுக்குகள் உண்டு, ஆனால் களியும் சுண்ணாம்பும் மாறிமாறிக் கிடக்கின்றன, நிலமும் தாழ்வானது. அரியலூருக்குப் போனால் தொல்லுயிர்ச் சுவடுகளுக்காகப் போங்கள்.

திடீரென்று வீட்டையே விழுங்கும் குழிகள் இதில் சேர்ந்தவையா?

பல சேர்ந்தவை. சுண்ணாம்புக்கல்லின்மேல் மண் மூடிய இடங்களில், அடியிலுள்ள வெடிப்பு வழியே மண் கொஞ்சம்கொஞ்சமாகக் கீழே உதிர்கிறது. மண்ணுக்குள் குடைபோல ஒரு வெற்றிடம் உண்டாகி மேல்நோக்கி வளர்கிறது. நிலத்தடி நீர் இறங்கினால் அதைத் தாங்கிநின்ற அழுத்தமும் போய்விடும், ஒருநாள் மேல்தரை உள்ளே விழும். 1981 மே மாதம் ஃபுளோரிடாவின் வின்டர் பார்க்கில் 100 மீட்டர் அகலக் குழி விழுந்து வீட்டையும் கார்களையும் கொண்டுபோனது. 2010-இல் கவுதமாலா நகரில் விழுந்த பயங்கரக் குழி மட்டும் வேறு வகை: அங்கே அடியில் இருந்தது எரிமலைச் சாம்பல்.

எல்லாக் குகையையும் மழைநீர்தான் குடைந்ததா?

பெரும்பாலானவற்றை. நியூ மெக்சிகோவின் லெச்சுகியா குகை விதிவிலக்கு. ஆழத்திலிருந்து ஏறிய ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தக அமிலமாகிக் கீழிருந்து குடைந்தது. அங்கும் வெடிப்புகள்தான் வழிகாட்டின.

குகைக்குப் போனால் முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

கூரையிலிருந்து சொட்டும் நீரின் சுண்ணாம்பு படிந்து தொங்கும் கல்விழுதுகளை எல்லாரும் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். தொடவேண்டாம், கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. மேகாலயாவின் மவ்ம்லூ குகையில் தரையிலிருந்து வளர்ந்த ஒரு கல்முளையை வைத்துத்தான் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் வறட்சியைப் படித்தார்கள். 2018-இல் புவி வரலாற்றின் நிகழ்காலப் பகுதிக்கு மேகாலயன் என்றே பெயர் சூட்டினார்கள். உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்படி ஒரு ஏடுதான் போகிறது.

விழுதுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவை சிதறித் தொங்காமல் பல இடங்களில் நூல் பிடித்ததுபோல ஒரே வரிசையில் தொங்கும். டார்ச்சை அந்த வரிசை நெடுகக் கூரையில் ஓட்டினால், விழுதுகளின் வேர்களை இணைத்துக்கொண்டு மெல்லிய கோடு ஒன்று ஓடுவதும், அதன் நுனியில் ஒரு துளி விழாமல் நின்றுகொண்டிருப்பதும் தெரியும்.